அசல் என்னும் சொல்லும் அரிய கடிகார முகப்புகளும்

அசல் என்னும் சொல் நம் பேச்சில் மிக எளிதாகப் புழங்குகிறது. அசல் பத்திரம் என்கிறோம். அசல் தங்கம் என்கிறோம். கடனில் வட்டி நீங்கலாக நிற்கும் தொகையையும் அசல் என்றே சொல்கிறோம். அரபு மொழியில் வேர், அடிப்படை என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது இது. மலாய் மொழியிலும் இதே சொல் தோற்றுவாயைக் குறிக்க வழங்குவதை அம்மொழி ஒலிக்கும் சூழலில் வாழும் நாம் நன்கறிவோம். இவ்வளவு பழகிய சொல்லாயினும், ஒரு பொருளைக் கையில் ஏந்தி "இது அசலா?" என்று வினவும்போது நாம் கேட்பது ஒரு வினாவா, பல வினாக்களா என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பொருளின் விலை சிறிதாயின் இதனால் பெருங்கேடு விளையாது. ஒருவரது வாழ்நாள் சேமிப்பே அச்சொல்லை நம்பிக் கைமாறுமாயின், சொல்லின் தெளிவின்மையே இழப்புக்கு வழியாகிவிடும்.

இதனை விளக்குதற்கு மிகப் பொருத்தமான ஒரு துறையை இவ்வுரையில் எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட அரிய க்ரோனோகிராஃப் கைக்கடிகாரங்களின் முகப்பு மெய்யானதுதானா என்று ஆராயும் துறையே அது.

ஒரு மெல்லிய தட்டின் மதிப்பு

நேரத்தைக் காட்டுவதோடு நிறுத்தற்கடிகாரமாகவும் பயன்படும் கைக்கடிகாரத்தையே க்ரோனோகிராஃப் என்பர். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கழிந்த நிமிடங்களையும் மணிகளையும் முகப்பில் அமைந்த சிறுவட்டங்கள் காட்டும். எண்களும் கோடுகளும் அச்சிடப்பட்டு, முட்களுக்குக் கீழே நிற்கும் தட்டினையே டயல் என்கிறோம். அதனை முகப்பு என்று இவ்வுரையில் வழங்குவோம்.

ரோலெக்ஸ் நிறுவனம் 1963இல் 6239 என்னும் மாதிரி எண்ணுடன் ஒரு க்ரோனோகிராஃபை வெளியிட்டது. பின்னாளில் டேட்டோனா என்று புகழ்பெற்ற கடிகார வரிசை அதிலிருந்தே தொடங்கியது. அதே கூடும் அதே இயந்திரமும் கொண்ட கடிகாரம் இருவகை முகப்புகளுடன் விற்பனைக்கு வந்தது. ஒன்று இயல்பான முகப்பு. மற்றொன்று புதுமையான வடிவமைப்புக் கொண்டது. அதன் சிறுவட்டங்களில் உள்ள கோடுகளின் முனையில் சிறு சதுரங்கள் இருக்கும். எண்கள் வேறொரு பாணியில் அமைந்திருக்கும். சிறுவட்டங்களின் நடுவே குறுக்குக்கோடுகள் வெட்டிச் செல்லும். நொடி காட்டும் இடப்புறச் சிறுவட்டத்தில் இயல்பான முகப்பு 20, 40, 60 என எண்ணிட்டிருக்க, இது 15, 30, 45, 60 என எண்ணிட்டிருக்கும். அக்காலத்தில் இதனை விரும்பி வாங்கியோர் சிலரே. அமெரிக்க நடிகர் பால் நியூமன் இத்தகைய கடிகாரம் ஒன்றை அணிந்திருந்ததால், பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள் அவர் பெயராலேயே இம்முகப்பை அழைக்கலாயினர்.

நியூமன் அணிந்த கடிகாரம் 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 17,752,500 அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அதனைப் பரிசளித்தபோது, வண்டியைக் கவனமாக ஓட்டும்படி சொல்லும் வாசகத்தைப் பின்மூடியில் பொறிக்கச் செய்திருந்தார். அவ்விலை ஒரு புகழாளரின் உடைமைக்குக் கிடைத்த தனி விலை. எனினும் பெயரறியாதார் அணிந்த கடிகாரங்களிலும் இயல்பான முகப்புடையதற்கும் நியூமன் முகப்புடையதற்கும் இடையே விலை பன்மடங்கு வேறுபடுகிறது. கூடு ஒன்றே, இயந்திரம் ஒன்றே, வேறுபாடு ஒரு மெல்லிய பித்தளைத் தட்டில் மட்டுமே உள்ளது.

அத்தட்டினை இயந்திரத்தோடு பிணைப்பவை அதன் முதுகில் உள்ள இரண்டு சிறிய கால்களும், அவற்றை இறுக்கும் நுண்ணிய திருகுகளுமே. கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் ஒரே அமர்வில் அதனைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிட இயலும். மதிப்பு முழுவதும் குவிந்துள்ள உறுப்பே எளிதில் மாற்றத்தக்க உறுப்பாகவும் அமைந்துவிட்டது. இத்துறையின் சிக்கல்கள் யாவும் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஒரு சொல்லுக்குள் ஐந்து நிலைகள்

ஒரு முகப்பைப் பற்றி "அசல்" என்று சொல்லப்படும்போது அச்சொல் குறிக்கக்கூடிய, அல்லது மறைக்கக்கூடிய, நிலைகள் ஐந்து. அவற்றுக்கு இவ்வுரையின் தேவைக்காகத் தனித்தனிப் பெயரிட்டுக்கொள்வோம்.

தொழிற்சாலையில் அக்கடிகாரத்திலேயே பொருத்தப்பட்டு இன்றுவரை பிரியாதிருக்கும் முகப்பு முதலாவது. இதனை உடன்பிறந்த முகப்பு எனலாம். அதே காலத்தில் அதே மாதிரிக்கெனச் செய்யப்பட்டு, வேறொரு கடிகாரத்திலிருந்து பின்னர் இதற்கு வந்தது இரண்டாவது. இது ஒத்தகால முகப்பு. பழுதுபார்க்கும்போது நிறுவனமே பழையதை நீக்கிப் புதிதாகப் பொருத்தியது மூன்றாவது. இது பணிமனை முகப்பு. தட்டு பழையதாக இருந்தும் மேற்பூச்சும் அச்சும் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது நான்காவது. இது மறுபூச்சு முகப்பு. நிறுவனத்தோடு எத்தொடர்புமின்றி ஏமாற்றும் நோக்கத்தோடு செய்யப்பட்டது ஐந்தாவது. இது போலி முகப்பு.

இவற்றுள் கடைசி ஒன்றே முழுப் பொய். பணிமனை முகப்பில் வஞ்சம் ஏதும் இல்லை. கடிகாரம் அன்றாடப் பயன்பாட்டுப் பொருளாக இருந்த காலத்தில் மங்கிய முகப்பை மாற்றித் தருதல் நற்பணியாகவே கருதப்பட்டது. மறுபூச்சும் பல குடும்பங்களில் தந்தையின் கடிகாரத்தைப் பேணும் அன்பினால் செய்யப்பட்டதே. நான்காம் நிலையிலுள்ள பொருளை முதல் நிலையின் பெயரால் விற்கும்போதுதான் குற்றம் நேர்கிறது. ஆதலால் ஆராய்பவரின் முதற்கடமை, தம்மிடம் கேட்கப்படும் வினா இவ்வைந்தில் எதனைப் பற்றியது என்று வரையறுத்துக்கொள்வதாகும்.

அச்சு தரும் சான்று

நியூமன் முகப்புகளை ரோலெக்ஸ் தன் கையாலேயே செய்யவில்லை. கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற லா ஷோ-தெ-ஃபோன் நகரைச் சேர்ந்த ழான் சிங்கர் என்னும் முகப்புத் தயாரிப்பு நிறுவனம் அவற்றைச் செய்தளித்தது. அந்நிறுவனம் வேறு பல கடிகார நிறுவனங்களுக்கும் முகப்பு வழங்கியது. ஆகவே ஒரு முகப்பின் முதுகில் சிங்கர் முத்திரை இருப்பது நற்குறியாயினும், அதுவே முடிவான சான்றாகாது.

முகப்பில் எழுத்துகள் பதிக்கப்படும் முறையை அறிந்தால் சோதனையின் அடிப்படை விளங்கும். எழுத்துகளும் கோடுகளும் முதலில் ஓர் உலோகத் தகட்டில் குழிவாகச் செதுக்கப்படும். அக்குழிகளில் மை நிரப்பி, மென்மையான திண்டு ஒன்றால் அதனை ஒற்றி எடுத்து, முகப்பின்மீது அழுத்துவர். இம்முறையில் ஒரே தகட்டிலிருந்து பிறந்த முகப்புகள் யாவற்றிலும் எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் ஒத்திருக்கும். தகட்டில் ஒரு கோடு சற்றுக் குறுகியிருந்தால், அக்குறை ஒவ்வொரு முகப்பிலும் காணப்படும். ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்த சுவடிகள் அம்மூலத்தின் பிழைகளையும் சுமந்து வருதலை நம் பதிப்பாசிரியர்கள் கண்டனர். பொதுப்பிழையைக் கொண்டே சுவடிகளின் உறவையும் உணர்ந்தனர். முகப்பை ஆராய்வோர் செய்வதும் அதுவே. ஐயமற்ற முகப்பொன்றின் பெரிதாக்கிய ஒளிப்படத்தோடு ஆய்வுக்குரியதன் படத்தை ஒப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தின் முனையையும் வளைவையும் இருப்பிடத்தையும் நோக்குவர். போலி செய்வோர் அழகில் தவறுவது அரிது. பெரும்பாலும் இவ்விடைவெளிகளிலேயே தவறுகின்றனர்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியே இதன் தொடக்கக் கருவி. நல்ல அச்சில் மை சற்று மேடாக நின்று, ஓரம் கூர்மையாக இருக்கும். ஓரம் கசிந்திருந்தாலோ, எழுத்துகளின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறினாலோ, மறுபூச்சை நினைக்க வேண்டும். சொற்களின் பொருளையும் நோக்குதல் தகும். நீர் புகாதவாறு திருகி இறுக்கும் பொத்தான்கள் அமைந்த 6263, 6265 முதலிய மாதிரிகளின் முகப்புக்கே "ஆய்ஸ்டர்" என்னும் சொல் உரியது. வெறுமனே அழுத்தும் பொத்தான்களையுடைய 6239இல் அச்சொல் காணப்படின், அம்முகப்பு வேறிடத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஐயுறுதல் முறை.

ஒளிர்பூச்சு தரும் சான்று

இருளிலும் நேரம் தெரியும் பொருட்டு முட்களிலும் முகப்பின் விளிம்பிலும் ஒளிரும் பூச்சு இடப்படும். தொடக்கக் காலத்தில் இதற்கு ரேடியம் பயன்பட்டது. அதன் தீங்கு உணரப்பட்டபின், 1960களில் கதிர்வீச்சு மிகக் குறைந்த டிரிட்டியம் அவ்விடத்தைப் பெற்றது. 1990களின் இறுதியில் கதிரியக்கமே இல்லாத பூச்சுகள் வந்தன. டிரிட்டியம் உள்ளதை அறிவிக்கவே முகப்பின் அடிவிளிம்பில் "ஸ்விஸ்" என்னும் சொல்லின் இருபுறமும் ரோமன் எழுத்தாகிய டி அச்சிடப்பட்டது. அவ்வெழுத்தின்றி அமைந்த புத்தம்புதுத் தோற்றமுள்ள முகப்பொன்று 1960களின் இறுதியைச் சேர்ந்த கூட்டில் இருக்குமாயின், அது பணிமனை முகப்பாக இருக்கலாம்.

இங்கு இயற்பியலும் சாட்சி சொல்கிறது. ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்; டிரிட்டியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகளே. அறுபது ஆண்டுகளுக்கு முன் பூசிய டிரிட்டியத்தில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் மூன்று அல்லது நான்கு பங்கு மட்டுமே. ஒளியை உமிழும் துத்தநாக சல்பைடும் இடைக்காலத்தில் நலிந்திருக்கும். எனவே அக்காலத்துப் பூச்சு இன்று இருளில் தானாக ஒளிவீசுவது இயல்பன்று. புற ஊதா விளக்கின்கீழ் அது சற்றே ஒளிர்ந்து, விளக்கை அணைத்தவுடன் விரைந்து மங்கும். நெடுநேரம் பளிச்சென்று ஒளிருமாயின் பூச்சு பிற்காலத்தது எனலாம். டிரிட்டியம் உமிழும் கதிர் கடிகாரத்தின் கண்ணாடியைக் கடந்து வர இயலாத அளவு வலுவற்றது. ரேடியத்தின் கதிரோ கெய்கர் அளவியில் இன்றும் ஒலியெழுப்பும். 1970ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் முகப்பின்மேல் அளவி படபடத்தால், சொல்லப்பட்ட வரலாற்றை மீண்டும் விசாரிக்க வேண்டும்.

முட்களின் பூச்சும் முகப்பின் பூச்சும் நிறத்தில் ஒத்திருக்கின்றனவா என்பதும் நோக்கத்தக்கது. ஒவ்வாமை மட்டும் முகப்பைப் பொய்யாக்கிவிடாது, முட்கள் மாற்றப்பட்டிருக்கலாம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உரியது. ரேடியப் பூச்சின் தூள் உடலுக்குள் சென்றால் பெருந்தீங்கு விளைக்கும். ஆகையால் பழங்கடிகாரத்தை வீட்டில் திறந்து பூச்சைச் சுரண்டிப் பார்த்தல் எவ்வகையிலும் தகாது.

மூப்பு தரும் சான்று

பழைய கரிய முகப்புகள் சில, வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் நாளடைவில் காப்பி நிறமாக மாறிவிடுகின்றன. சேகரிப்பாளர்கள் அவற்றை "டிராப்பிக்கல்" முகப்புகள் என்கின்றனர். வெப்பமண்டலத்தின் பெயரையே இட்டு அழைக்கின்றனர். நாம் வாழும் நிலமும் அம்மண்டலத்தைச் சேர்ந்ததே. ஒருகாலத்தில் குறையாக எண்ணப்பட்ட இந்நிறமாற்றம் இன்று விலையை உயர்த்துவதால், வெப்பமூட்டியும் வேதிப்பொருள் இட்டும் செயற்கையாக மூப்பை வரவழைக்கும் முயற்சிகளும் தோன்றிவிட்டன.

இயற்கையான மூப்புக்கு ஒரு காரணமும் அக்காரணத்துக்கேற்ற ஒழுங்கும் உண்டு. வெயிலால் நிறம் மாறியதாயின், கூட்டின் உள்விளிம்பு மறைத்திருந்த ஓரப்பகுதி பலவேளைகளில் பழைய கருமையைத் தக்கவைத்திருக்கும். ஈரத்தால் கெட்டதாயின், முட்களிலும் திருகுகளிலும் இயந்திரத்திலும் துருவின் சுவடு காணப்பட வேண்டும். முகப்பு மட்டும் முதுமையெய்தி, அதனைச் சூழ்ந்த உறுப்புகள் யாவும் இளமையோடு இருக்குமாயின், அதன் காரணத்தை விற்பவர் விளக்கியாக வேண்டும்.

முதுகும் முழுமையும்

முன்புறம் எத்துணை அழகாயிருப்பினும், முகப்பின் முதுகைக் காணாமல் உறுதி கூறுதல் அரிது. டேட்டோனாவின் இயந்திரம் வால்ஷூ 72 என்னும் புகழ்பெற்ற இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் அமைப்பில் நொடி காட்டும் வட்டம் இடப்புறமும், நிமிட வட்டம் வலப்புறமும், மணி வட்டம் கீழும் அமையும். முகப்பின் கால்கள் அவ்வியந்திரத்தின் துளைகளுக்கு நேராக இருத்தல் வேண்டும். கால்கள் அறுக்கப்பட்டு முகப்பு ஒட்டப்பட்டிருந்தாலோ, புதிய கால்கள் பற்றவைக்கப்பட்ட தழும்பு தெரிந்தாலோ, அத்தட்டு வேறோர் இயந்திரத்துக்கெனப் பிறந்தது என்பது விளங்கும். இச்சோதனையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் முகப்புக்குக் கீறல் நேரும் வாய்ப்பு உண்டு.

அடுத்து, உறுப்புகள் ஒன்றோடொன்று காலத்தால் இசைகின்றனவா என்று காண வேண்டும். கூட்டில் பட்டை பொருத்தும் கைகளுக்கிடையே மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் சுட்டும் ஆண்டு, இயந்திரத்தின் வகை, முகப்பின் அச்சு வகை ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொல்லுதல் வேண்டும். ரோலெக்ஸ் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளிலிருந்து சான்று எடுத்து வழங்குவதில்லை. ஆதலால் வாங்கிய சீட்டு, பழுதுபார்த்த குறிப்பு, அணிந்திருந்த ஒளிப்படம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் ஒவ்வொரு சாட்சியும் எதனைப் பற்றிப் பேசுகிறது என்று பிரித்தறிய வேண்டும். நியூமன் கடிகாரத்தின் பொறிப்பு அதன் பின்மூடியைப் பற்றிய சான்றே. முகப்பைப் பற்றிச் சொல்லவல்லவை அவர் அதனை அணிந்திருந்த காலத்து ஒளிப்படங்கள்.

நிறுவனமே ஏமாந்த நிகழ்ச்சி

தனித்தனி உறுப்புகள் பழையனவாக இருந்தும் முழுமை பொய்யாதல் கூடும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் வரிசை 1957இல் தொடங்கியது. அதன் முதல் மாதிரியைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட, காப்பி நிற முகப்புடைய கடிகாரம் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. 80,000 முதல் 120,000 சுவிஸ் ஃபிராங்க் வரை மதிப்பிடப்பட்டிருந்த அது 3,115,500 சுவிஸ் ஃபிராங்குக்கு விற்பனையாயிற்று. வாங்கியது ஒமேகா நிறுவனமே. 2023இல், அது பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டி அமைக்கப்பட்டது என்றும், தன் முன்னாள் பணியாளர்கள் மூவர் இதில் தொடர்புற்றிருந்தனர் என்றும் ஒமேகா அறிவித்தது.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, ஓர் உறுப்பு பழையது என்பதால் முழுக் கடிகாரமும் அவ்வாறே பிறந்தது என்று கொள்ளலாகாது. இரண்டாவது, சான்றளிப்பவர் யார், அவருக்கு அவ்விற்பனையில் பயன் உண்டா என்பதும் ஆராய்ச்சியின் ஒரு கூறே. பொருளைச் சோதிப்பதைப்போலவே சாட்சியையும் சோதிக்க வேண்டும்.

சொல்லைக் காக்கும் பொறுப்பு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் காண்போம். அச்சைப் போன்மையாகச் செய்யலாம், பூச்சைப் பழையதாகத் தோன்றச் செய்யலாம், மூப்பை வரவழைக்கலாம், தாளையும் உருவாக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் வெளியிடும் ஒவ்வொரு குறிப்பையும் போலி செய்வோரும் கற்கின்றனர். ஆதலால் தனியொரு குறியை நம்பி முடிவுரைத்தல் நாளுக்கு நாள் வலுவிழந்து வருகிறது. அச்சு, பூச்சு, மூப்பு, முதுகு, எண், வரலாறு என ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் பல ஒரே செய்தியைச் சொல்லும்போதே நம்பிக்கை உறுதிப்படுகிறது. அவ்வனைத்தையும் ஒருசேரப் பொய்யாக்குதல் மிக அரிய செயல்.

போலியால் விளையும் இழப்பு வாங்கியவரின் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. எது மெய்யான முகப்பு என்னும் நம் அறிவே, இதுவரை கிடைத்த முகப்புகளைத் தொகுத்து ஒப்பிட்டதால் உருவானது. திறமையான போலி ஒன்று அத்தொகுப்பில் இடம்பெற்று நூலிலும் ஏறிவிட்டால், பின்வருவோர் அதனையே அளவுகோலாகக் கொள்வர். மெய்யான முகப்பு, போலியோடு ஒவ்வாமையால் புறந்தள்ளப்படும். இடைச்செருகல் ஏறிய பாடத்தையே மூலமென்று கொண்டால் நூலாசிரியரின் சொல்லே பிழையாகத் தோன்றும் அன்றோ? அத்தகைய கேடே இதுவும்.

ஆகவே ஒரு பழங்கடிகாரத்தை விற்கவோ வாங்கவோ, மக்களுக்கு விட்டுச்செல்லவோ முற்படும்போது, "அசல்" என்று ஒரே சொல்லால் எழுதி முடித்தல் போதாது. உடன்பிறந்த முகப்பா, ஒத்தகால முகப்பா, பணிமனை முகப்பா, மறுபூச்சா என்று விரித்தெழுதுவோம். அவ்வாறு கூறுதற்குரிய சான்றுகளையும் சேர்த்தெழுதுவோம். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, நீக்கப்படும் உறுப்புகளைத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே கேட்டு, அவற்றைச் சீட்டோடு ஒருசேரப் பேணுவோம். முகப்பு மாற்றப்பட்டதென்று வெளிப்படையாக எழுதப்பட்ட கடிகாரத்துக்கு அதற்குரிய நேர்மையான விலை உண்டு. அதனைப் பெறும் அடுத்த தலைமுறை, தன் கையில் இருப்பது இன்னதென்று அறிந்தே அணிந்துகொள்ளும்.